அடைக்கோழியும் கூமுட்டையும்

கொல்லையில் நாலு நாட்டுக்கோழி வளர்க்கிற வீட்டாருக்கெல்லாம் இது பழகிய காட்சிதான்: நேற்றுவரை முட்டையிட்டுக் கொக்கரித்துக்கொண்டு குப்பைமேட்டைக் கிளறித் திரிந்த பெட்டை, இன்று கூடையைவிட்டு இறங்க மறுத்து, கிட்டே போனால் இறகைச் சிலிர்த்துத் தொண்டைக்குள் ‘கொர்’ரென்று உறுமி, கையை நீட்டினால் கொத்தவும் வந்து, வயிற்றடி இறகு உதிர்ந்த வெறுஞ்சருமத்தை முட்டைகளின்மேல் பதித்துக்கொண்டு அமர்ந்துவிடுகிறது. கோழி அடைக்குப் படுத்துவிட்டது என்கிறோம். தவிடோ மணலோ பரப்பிய கூடையில் பத்துப் பன்னிரண்டு முட்டையை அடுக்கி அதை ஏற்றி உட்கார்த்திவிட்டு, இனி எல்லாம் அதன் பொறுப்பு என்று நம் காரியத்தைப் பார்க்கப் போய்விடுகிறோம். அப்படிப் போய்விடலாகாது என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து புரோலாக்டின் என்னும் ஹார்மோன் மிகுதியாகச் சுரக்கும்போது முட்டையிடுவது நின்று, அடைகாக்கும் வேகம் கோழியைப் பற்றிக்கொள்கிறது. லெகார்ன் போன்ற பண்ணை இனங்களில் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கியெடுத்து இந்தச் சுபாவத்தை ஏறக்குறைய நீக்கிவிட்டார்கள். நாட்டுக்கோழியிடம் அது குறையாமல் நிற்கிறது. தினம் ஒரு தடவை, கால் மணி நேரம் இறங்கி, அவசரம் அவசரமாக நாலு தானியம் பொறுக்கித் தண்ணீர் குடித்து, எச்சமிட்டுவிட்டுத் திரும்பி ஓடிவருகிற அந்த ஜீவன், மீதிப் பொழுதெல்லாம் முட்டைகளை அலகால் புரட்டிப் புரட்டி வைத்துக்கொண்டு, 21 நாள் தன் உடம்பின் உஷ்ணத்தைக் கொடுக்கிறது. ஆனால் அதற்கு நாள் கணக்குத் தெரியாது. அடையை முடித்துவைப்பது குஞ்சின் குரலும் ஸ்பரிசமுமே. குரல் கேட்காவிட்டால் 22-ஆம் நாளும் அதற்கு முதல் நாளைப் போலத்தான். மேலும் வாரக்கணக்கில் உட்கார்ந்துகொண்டே இருக்கும்.

சிறுவயதில், பாட்டி ஊரில் இல்லாத ஒரு சமயம், அடைக்குப் படுத்த செவலைக் கோழிக்கு வீட்டு முட்டை அகப்படாமல், கடையில் வாங்கிவந்த எட்டு வெள்ளை முட்டைகளை நானே கூடையில் வைத்துவிட்டேன். மூன்று வாரம் கழிந்தது. நாலு வாரமும் கழிந்தது. பாட்டி திரும்பிவந்து கோழியைத் தூக்கிப் பார்த்தபோது, செக்கச்செவேலென்றிருந்த கொண்டை வெளுத்துச் சுருங்கி, நெஞ்செலும்பு கத்தி முனைபோல் கையில் தட்டுப்பட்டது. கூடையிலே ஒரு முட்டை வெடித்து, அந்த நாற்றத்தின்மேலேயே அது படுத்திருந்தது. “அதுக்கு என்னடா தெரியும்? வெச்சவங்களுக்குத் தெரிய வேண்டாமா?” என்று மட்டும் பாட்டி சொன்னாள்.

நாமக்கல் பக்கத்துப் பண்ணைகளில் கூண்டில் நின்று கடைகளுக்காக முட்டையிடும் கோழிகள் சேவலைக் கண்டறியாதவை. சேவல் இல்லாமலே பெட்டை முட்டையிடும், ஆனால் அதில் கரு இராது. அத்தகைய முட்டையை எந்தக் கோழியின் கீழ் வைத்தும் பிரயோஜனமில்லை. சேவலோடு திரிகிற கோழியின் முட்டையும் பழசானால் பொரிக்கும் சக்தியை இழக்கிறது. ஒரு வாரத்துக்கு மேற்படாத முட்டையே உத்தமம். நம் ஊர்ச் சித்திரை வெயிலின் உபத்திரவம் வேறு: சுமார் 24 டிகிரி செல்சியஸுக்கு மேலே போனாலே உள்ளிருக்கும் கரு அரைகுறையாக வளரத் தொடங்கி, சீரான சூடு கிடைக்காமல் மடிந்துவிடும். ஆகையால் ஈர மணலில் பதித்த மண்பானைக்குள் முட்டைகளைச் சேர்த்துவைக்கும் பழைய வழக்கம் மிகவும் புத்திசாலித்தனமானது. இடிக்கு அஞ்சிக் கூடையில் இரும்புத் துண்டும் கரியும் போடுகிற வழக்கத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதைப் போட்டுவிட்டோமே என்று முட்டையைச் சோதிக்காமல் இருப்பது சரியன்று.

சோதனை கடினமான வித்தை அல்ல. 7-ஆம் நாள் இரவு விளக்கை அணைத்துவிட்டு, கோழி கலவரப்படாமல் ஒவ்வொரு முட்டையாக எடுத்து, அகன்ற முனையை டார்ச் விளக்கின் வாயில் பொருத்திப் பாருங்கள். நடுவில் கரும்புள்ளி ஒன்று அசைய, அதிலிருந்து நாலாபுறமும் சிலந்தியின் கால்களைப் போலச் செந்நரம்புகள் ஓடினால் அது உயிருள்ள முட்டை. முதன்முதலில் அதைக் காண்கிறவர் கைநடுங்காமல் இருப்பது அபூர்வம். ஒன்றுமின்றி மஞ்சள் நிழல் மட்டும் தெளிவாகத் தெரிந்தால் கரு இல்லை. நரம்புகள் கலைந்து சிவப்பு வளையம் ஒன்றே நின்றால் கரு மடிந்துவிட்டது. இவ்விரண்டையும் அப்போதே விலக்கிவிட வேண்டும். சூட்டிலேயே கிடந்து அழுகும் கூமுட்டை வெடித்தால் பக்கத்து நல்ல முட்டைகளும் கெடும். ஐயமுள்ளவற்றை 14-ஆம் நாள் மறுபடி பார்க்கலாம். வைத்த முட்டைகளின்மேல் பென்சிலால் ஒரு கோடு போட்டுவைப்பதும் அவசியம். ஏனெனில் மற்றக் கோழிகள் அதே கூடையில் வந்து புதுமுட்டை இட்டுவிட்டுப் போகும்.

21-ஆம் நாள் பொரிக்கவில்லை என்று உடனே கூடையைக் கலைத்துவிடாதீர்கள். 23, 24 நாள் வரை பொறுத்திருப்பது நியாயம். ஓடு விண்ட முட்டையை விரலால் உரிக்கவும் கூடாது. குஞ்சு ஓட்டைத் துளைத்து வெளிவர ஒரு நாள்கூட ஆகலாம். அதற்குள் உரித்தால் சவ்விலுள்ள இரத்தக் குழாய் அறுந்து அது செத்துப்போகும்.

அதற்கும் அப்பால் எதுவும் பொரிக்காவிட்டால் கோழியை அடையிலிருந்து மீட்க வேண்டியது நம் கடமை. தண்ணீரில் முக்குவதும் மூக்கில் இறகைச் செருகுவதும் ஹிம்சை, அவற்றை ஒழித்துவிடலாம். அடியில் கம்பிவலை அடித்த கூண்டைத் தரையைவிட்டு உயர்த்திவைத்து, வைக்கோல் இல்லாமல், நல்ல வெளிச்சத்தில், இரையும் தண்ணீரும் தாராளமாக வைத்து அதற்குள் விட்டால், வயிற்றடியில் காற்றுப்பட்டுப் பெரும்பாலும் மூன்று நாலு நாளில் வேகம் தணியும்.

குஞ்சு கிடைக்குமானால் அதைவிட மேலான வழி உண்டு. கோழியைத் தூக்கிப் பார்த்த அன்றிரவே பாட்டி, பக்கத்து வீட்டில் முந்தின நாள் பொரித்த குஞ்சுகளில் நாலைக் கேட்டு வாங்கிவந்து, இருட்டிலே ஒவ்வொன்றாகச் செவலையின் இறக்கைக்கடியில் நழுவவிட்டாள். ஒவ்வாத கோழி குஞ்சைக் கொத்திவிடக்கூடும் என்பதால் விடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். வெளிச்சம் வந்ததும் செவலை தானாக எழுந்து, கூடையைவிட்டு இறங்கி, தான் எடுத்த முதல் குருணையை வாயில் வைத்துக்கொள்ளாமல் கீழே போட்டு, ‘குக் குக்’ என்று குஞ்சுகளை அழைத்தது.

அடை வைக்கிற தேதியைச் சுவரிலுள்ள நாட்காட்டியில் எழுதிவையுங்கள். அங்கிருந்து 7-ஆம் நாளையும் 21-ஆம் நாளையும் வட்டமிட்டுக்கொள்ளுங்கள்.