முதுகு வலியுள்ளவருக்கு ஏற்ற சைக்கிள் எது?

அமீர்பேட்டில் குடியிருந்து சனத்நகர் தொழிற்பேட்டைக்கோ பேகம்பேட்டிலுள்ள அலுவலகங்களுக்கோ அன்றாடம் போய்வருகிறவர்களுக்குச் சைக்கிள் நல்லதொரு வசதி. ஆனால் முதுகு வலி கண்டவர்களில் சிலர் தங்களுக்குச் சைக்கிளே ஆகாதென்று விட்டுவிடுகின்றனர். வேறு சிலரோ கடைக்காரர் புகழ்ந்து காட்டிய பந்தயச் சைக்கிளைப் பெருந்தொகை கொடுத்து வாங்கி, ஒரே மாதத்தில் மாடிப்படியின் கீழ் நிறுத்திவிடுகின்றனர்.

முதலாவது, வலி எத்தகையது என்று அறியவேண்டும். தண்டுவட எலும்புகளின் இடையிலுள்ள வட்டு பிதுங்கியவர்களுக்குப் பொதுவாகக் குனிந்தால் வலி கூடும். நாற்காலியில் முன்குனிந்து அமரும்போது வட்டின்மேல் அழுத்தம் மிகுகிறது என்பதை ஸ்வீடன் நாட்டு மருத்துவர் நாக்கெம்சன் 1960-களிலேயே அளந்து காட்டினார். வயது சென்றவர்களில் சிலருக்கோ தண்டுவடக் குழாய் குறுகியிருக்கும். இவர்கள் சிறிது தூரம் நடந்தாலே கால்கள் கனத்துவிடும், முன்சாய்ந்தால் சுகம் கிடைக்கும். நடக்க முடியாத அவர்களில் அநேகர் சைக்கிள் மிதிக்கக் கூடியவர்கள்! ஆகையால் அயலார் ஒருவருக்கு உதவிய சைக்கிள் உங்களுக்கும் உதவும் என்று எண்ணவேண்டாம். காலில் பலம் குன்றினாலோ, தொடையிடுக்கு மரத்துப்போனாலோ, சிறுநீர் கட்டுப்பாடு தவறினாலோ சைக்கிளைப் பற்றிய யோசனையை நிறுத்திவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பஞ்சகுட்டாவில் நிஜாம் மருத்துவ விஞ்ஞானக் கழகம் அருகிலேயே இருக்கிறது.

பந்தயச் சைக்கிளின் வளைந்த கைப்பிடி முதுகை மிகவும் குனியச் செய்கிறது. அப்படியானால் நம் தகப்பன்மார் ஓட்டிய ஹெர்குலிஸ் போன்ற நிமிர்ந்த சைக்கிள்தான் உத்தமமா? அதிலும் ஒரு குறையுண்டு. நேராக நிமிர்ந்து அமர்ந்தால் உடலின் பாரம் ஏறக்குறைய முழுவதும் சீட்டின்மேல் விழுகிறது. வேகத்தடையின் அதிர்ச்சி நேரே தண்டுவடத்தில் ஏறுகிறது. ஏறத்தாழ 20 கிலோ எடையுள்ள அதைத் தினமும் இரண்டாம் மாடிக்குத் தூக்கினால், ஓட்டுவதால் வராத வலி தூக்குவதால் வரும்.

ஆகவே நேரான கைப்பிடியுள்ள ஹைபிரிட் வகையே பெரும்பாலோருக்கு ஏற்றது. உடல் சற்றே முன்சாய்ந்து, பாரத்தில் ஒரு பங்கைக் கைகள் தாங்கவேண்டும். கைப்பிடி சீட்டைவிடத் தாழ்ந்திருக்கலாகாது. பிடிக்கும்போது முழங்கை சிறிது மடங்கியிருக்கவேண்டும். பழைய மாதிரிகளில் ஒரு போல்ட்டைத் தளர்த்தினால் கைப்பிடி உயரும். புதியவை பலவற்றில் அப்படி உயராது. கடையிலேயே இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். டயர் 35 மில்லிமீட்டர் அகலமோ அதற்குச் சற்று மேலோ இருக்கட்டும். காற்றையும் கல்லைப்போல் இறுக அடிக்கவேண்டாம், டயரின் பக்கத்தில் அச்சிட்டுள்ள அளவுகளுக்குள் நடுத்தரமாக நிரப்புங்கள். மலிவான சைக்கிள்களின் முன்பக்கம் பொருத்தும் ஷாக் அப்சார்பருக்காக அதிகப் பணம் கொடுப்பது, என் எண்ணத்தில், வீண் செலவு. இடுப்புக்கு வரும் அடி பின்சக்கரத்திலிருந்தல்லவா வருகிறது?

சீட்டின் உயரத்தில் மிகுந்த கவனம் தேவை. பெடல் அடியில் நிற்கும்போது குதிகாலை அதில் வைத்தால் கால் நீண்டிருக்கவேண்டும். பாதத்தின் முன்பகுதியை வைத்தால் முழங்கால் கொஞ்சம் மடங்கும். அதற்குமேல் உயர்ந்தால் ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு இருபுறமும் அசைந்து வலியை வளர்க்கும். காலைத் தூக்கிப் போட இயலாதவர்கள் குறுக்குக் கம்பி தாழ்ந்த சைக்கிளை வாங்க வெட்கப்படவேண்டாம், ஆண்களும்தான்.

மடிக்கணினியும் சாப்பாட்டுப் பாத்திரமும் முதுகில் தொங்காமல் கேரியரில் ஏறட்டும். ஹைடெக் சிட்டிக்குச் செல்வோர் ஜூபிலி ஹில்ஸ் ஏற்றத்தைக் கனத்த கியரில் மூச்சைப் பிடித்து மிதிப்பதைவிட, இலகுவான கியரில் வேகமாகச் சுற்றுவது நல்லது. அதுவும் வலித்தால், அமீர்பேட்டிலிருந்து ஹைடெக் சிட்டிக்கு 2019 முதல் மெட்ரோ ஓடுகிறது. சைக்கிளை நிலையம்வரை மாத்திரம் வைத்துக்கொள்ளுங்கள்.