தொட்டால் தெரியும் எழுத்து: ஹீட் எம்பாஸிங் பற்றிச் சில குறிப்புகள்

அத்தைக்கு எண்பது வயது நிறைந்தபோது கையால் ஒரு வாழ்த்து அட்டை செய்து கொடுக்கலாம் என்று நினைத்தேன். அவருக்குக் கண் பார்வை ரொம்பவே மங்கிவிட்டது. ஆனால் வீட்டுக்குக் கல்யாணப் பத்திரிகை வந்தால் மட்டும் வாங்கி விரலால் தடவிப் பார்ப்பார். "எழுத்து மேடா இருக்குல்ல" என்பார். அப்படியானால் நம்ம அட்டையிலும் எழுத்து மேடாக இருக்கணும் என்று முடிவாச்சு.

அந்த மேட்டை உண்டாக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, அச்சை வைத்து அழுத்திக் காகிதத்தையே புடைக்கச் செய்வது. இன்னொன்று, காகிதத்தின் மேல் பிளாஸ்டிக் பொடியை உருக்கி ஒட்டுவது. இரண்டாவதுதான் ஹீட் எம்பாஸிங். பல கல்யாணப் பத்திரிகைகளிலும் விசிட்டிங் கார்டுகளிலும் நாம் தடவிப் பார்க்கிற பளபள எழுத்து இந்த முறையில் வந்ததுதான். அச்சகத்தில் இதற்குத் தெர்மோகிராஃபி என்று பெயர். ஈர மையின் மேல் பொடியைத் தூவி, ஒட்டாததை உறிஞ்சி எடுத்துவிட்டு, அட்டையைச் சூடான பாதை வழியாக ஓட்டுவார்கள்.

வீட்டிலும் அதேதான். ஈர மையில் எழுதணும், பொடி தூவணும், மிச்சத்தைத் தட்டணும், சூடு காட்டணும். கேட்க ரொம்ப எளிது. எனக்கு மூன்று அட்டை வீணாச்சு. ஏன் வீணாச்சு என்று தேடிப் பார்த்ததில் தெரிந்ததுதான் இந்தக் குறிப்பு.

முதல் அட்டையில் ஸ்கெட்ச் பேனாவால் "அத்தைக்கு வணக்கம்" என்று எழுதிப் பொடி தூவினேன். தட்டியதும் கடைசி "ம்" மட்டும் பொடியோடு நின்றது. மற்ற எழுத்தெல்லாம் காலி! ஸ்கெட்ச் பேனா மை தண்ணீர் மாதிரி. காகித நாருக்குள் இறங்கிச் சில நொடியில் காய்ந்துவிடும். மேலே ஃபேன் வேறு ஓடிக்கொண்டிருந்தது. நான் கடைசி எழுத்துக்கு வருவதற்குள் முதல் எழுத்து உலர்ந்தே போச்சு. இதற்கென்று விற்கிற எம்பாஸிங் பேனா, எம்பாஸிங் இங்க் பேட் இரண்டிலும் மெதுவாகக் காய்கிற, பிசுபிசுப்பான மை இருக்கும். அது காகிதத்தின் மேலேயே ஈரமாக நிற்கும். பொடியைப் பிடித்து வைப்பதுதான் அதன் வேலை. தங்கப் பொடி போடுவதாக இருந்தால் மைக்கு நிறமே வேண்டாம். கண்ணாடி மாதிரி நிறமில்லாத பொடி என்றால் அடியில் இருக்கும் மையின் நிறம்தான் தெரியும்.

இரண்டாவது அட்டையில் மை சரி, சூடு தப்பு. ஹேர் டிரையரை எடுத்தேன். அதில் காற்று அதிகம், சூடு குறைவு. பொடி உருகுவதற்குள் பறந்து போச்சு. இதற்கான ஹீட் கன்னில் காற்று மெதுவாக வரும், சூடு பல மடங்கு. நன்றாகச் சூடேறிய பிறகுதான் அட்டைக்குப் பக்கத்தில் கொண்டுபோகணும். ஒரே இடத்தில் பிடித்தால் காகிதம் கருகும், அசைத்துக்கொண்டே இருக்கணும். ஹீட் கன் இல்லாதவர்கள் இஸ்திரிப் பெட்டிக்கு மேலே அட்டையின் பின்பக்கத்தைக் காட்டலாம். நேரம் பிடிக்கும், ஆனால் பொடி பறக்காது. எதுவானாலும் ஜன்னலைத் திறந்து வையுங்கள், குழந்தைகளைத் தள்ளி நிறுத்துங்கள்.

உருகும் நொடியைப் பார்க்கணும்! சொரசொரப்பாக, மங்கலாக இருந்த பொடி சட்டென்று ஈரம் மாதிரி பளபளக்கும். உருகிய துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து, பரப்பு இழுவிசையால் மேல்பகுதி வழுவழுப்பாகிறது. சூடு போதாவிட்டால் ஆரஞ்சுத் தோல் மாதிரி புள்ளி புள்ளியாக நிற்கும். அதிகமானால் பிளாஸ்டிக் காகிதத்துக்குள் இறங்கி, எண்ணெய்க் கறை மாதிரி தட்டையாகிவிடும். பளபளத்ததும் சூட்டை அடுத்த இடத்துக்கு நகர்த்திவிட வேண்டும்.

மூன்றாவது அட்டையைக் கெடுத்தது "ண". பொடி உருகிக் கொஞ்சம் பரவியதில் அதன் சுழிகள் அடைந்துபோய், கண்ணுக்கே என்ன எழுத்து என்று தெரியவில்லை. விரலுக்கு எப்படித் தெரியும்? தமிழில் சுழி அதிகம். அதனால் எழுத்தைப் பெரிதாகப் போட்டு, நைஸாக அரைத்த பொடியை வாங்கினேன். பொடியில் சாதாரணம், நைஸ், பருமன் என்று ரகம் உண்டு. நுணுக்கமான கோட்டுக்கு நைஸ்தான் சரி.

இன்னொரு தொல்லை, மை இல்லாத இடத்தில் ஒட்டும் பொடி. காகிதத்தில் இருக்கும் நிலைமின்சாரம்தான் பெரும்பாலும் காரணம். கைபட்ட எண்ணெய்ப் பசையும் சேர்ந்துகொள்ளும். எழுதுவதற்கு முன் மாவு மாதிரி நைஸான பொடி அடைத்த சின்னப் பையால் அட்டையை ஒற்றி எடுத்தால் பெருமளவு குறையும்.

இங்கே தொல்லை செய்கிற இதே நிலைமின்சாரம்தான் ஜெராக்ஸ் இயந்திரத்தின் அடிப்படை. 1938 அக்டோபர் 22 அன்று நியூயார்க்கின் அஸ்டோரியா பகுதியில் செஸ்டர் கார்ல்சனும் அவருடைய உதவியாளரும், கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைக் கைக்குட்டையால் தேய்த்து மின்னேற்றினார்கள். எழுத்துள்ள கண்ணாடித் துண்டை அதன்மேல் வைத்து விளக்கு வெளிச்சம் காட்டினார்கள். பிறகு லைக்கோபோடியம் என்ற செடியின் வித்துப் பொடியைத் தூவி ஊதினார்கள். எழுத்து இருந்த இடத்தில் மட்டும் பொடி நின்றது. அதை மெழுகுத் தாளில் ஒற்றிச் சூடுபடுத்தி நிலைக்க வைத்தார்கள். அங்கே பொடியைப் பிடித்தது மின்சாரம், நம்ம அட்டையில் பிடிப்பது ஈர மை. இரண்டிலும் கடைசியில் நிலைக்க வைப்பது சூடு.

நாலாவது அட்டை நன்றாக வந்தது. சூட்டில் கொஞ்சம் வளைந்திருந்தது. ஒரு ராத்திரி டிக்ஷனரிக்கு அடியில் வைத்து நிமிர்த்தி, மறுநாள் அத்தை கையில் கொடுத்தேன். ஒவ்வொரு எழுத்தாக விரலை ஓட்டிக்கொண்டே வந்தவர், "ண" மேல் நின்றார்.

"வண்க்கம்னு எழுதியிருக்கியேடா."

ஒரே ஒரு பொடித் துகள். தட்டும்போது விழாமல் "ண"வுக்கு மேலே உருகிப் புள்ளியாகவே ஆகிவிட்டிருந்தது. என் கண்ணுக்குப் படவே இல்லை. சூடு காட்டுவதற்கு முன்னால் காய்ந்த பிரஷால் ஒருதரம் துடைத்திருந்தால் போயிருக்கும். உருகிய பிறகு எடுக்க முடியாது.

வேற அட்டை பண்ணித் தரேன் என்றேன். கொடுக்க மாட்டேன் என்று தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.