துடிப்பும் வேகமும்

தந்தையும் சிறு மகளும் கைகோத்து நடந்து செல்கின்றனர். மகள் நூறு எட்டு வைக்கும்போது தந்தை அறுபது எட்டே வைக்கிறார். ஆயினும் இருவரும் ஒன்றாகவே கடைத்தெருவை அடைகின்றனர். எட்டுகளை எண்ணினால் மட்டும் போதாது. ஓர் எட்டு எவ்வளவு தொலைவைக் கடக்கிறது என்பதையும் காண வேண்டும். கணினியின் வேகமும் இத்தகையதே.

கணினியின் நுண்செயலி, சீரான மின்துடிப்புக்கு ஏற்ப இயங்குகிறது. நொடிக்குப் பத்து இலட்சம் துடிப்புகள் என்பது 1 மெகாஹெர்ட்ஸ். 1981ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளிவந்த பிபிசி மைக்ரோ கணினியின் நுண்செயலி 2 மெகாஹெர்ட்ஸில் இயங்கியது. மறு ஆண்டு அங்கேயே வெளிவந்த இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கணினிக்கோ 3.5 மெகாஹெர்ட்ஸ். எண்ணை மட்டும் பார்ப்பவர் ஸ்பெக்ட்ரமே விரைவானது என்பர்.

உண்மையை அறிய எளிய வழி ஒன்று முன்பே இருந்தது. 1977ஆம் ஆண்டு அமெரிக்க இதழ் ஒன்றில் டாம் ரக், ஃபில் ஃபெல்ட்மன் என்னும் இருவர் பேசிக் மொழியில் 7 சிறிய நிரல்களை வெளியிட்டனர். அவற்றைக் கணினியில் ஓட்டிக் கடிகாரத்தில் நேரம் பார்த்தால் போதும். முதல் நிரலின் வேலை, ஒன்று முதல் ஆயிரம் வரை எண்ணுவது, அவ்வளவுதான்! ஸ்பெக்ட்ரம் அதற்கு 4 நொடிக்கு மேல் எடுத்துக்கொண்டது. பிபிசி மைக்ரோ அந்நேரத்தில் நான்கில் ஒரு பங்குக்குள் முடித்துவிட்டது.

இதன் காரணம் என்ன? ஸ்பெக்ட்ரமில் இருந்த இசட்80 நுண்செயலிக்கு மிக எளிய கட்டளைக்கும் 4 துடிப்புகள் தேவை. பிபிசி மைக்ரோவின் 6502 நுண்செயலிக்கு 2 துடிப்புகளே போதும். ஆகவே, எளிய கட்டளைகளை முன்னது நொடிக்கு 8,75,000 முறையும், பின்னது 10,00,000 முறையும் செய்யும். ஆனால், இவ்வேறுபாடு சிறியது. நான்கு மடங்கு இடைவெளிக்கு இது போதாது. எஞ்சியது பேசிக் மொழி எழுதப்பட்ட முறையால் விளைந்தது. ஸ்பெக்ட்ரமின் பேசிக், மிகச் சிறிய நினைவகத்தில் அடங்குமாறு எழுதப்பட்ட பழைய வடிவிலிருந்து வளர்ந்தது. பிபிசி மைக்ரோவின் பேசிக்கைச் சோஃபி வில்சன் விரைந்து இயங்குமாறு எழுதினார். இன்றைய கைபேசிகளில் உள்ள ஆர்ம் நுண்செயலிகளின் முதல் கட்டளைத் தொகுதியை வடிவமைத்தவரும் அவரே.

ஸ்பெக்ட்ரம் விலை குறைந்தது. எனவே, இங்கிலாந்தின் இல்லங்களில் மிகுதியாக இடம்பெற்றது. பிபிசி மைக்ரோ அந்நாட்டுப் பள்ளிகளில் பரவியது. 1984-85ஆம் ஆண்டில் இந்திய அரசு ‘கிளாஸ்’ என்னும் கணினிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியபோது, நம் நாட்டுப் பள்ளிகளுக்கு வந்தவையும் பிபிசி மைக்ரோ கணினிகளே.