உருக்குவதற்கு முன் ஒரு பார்வை: கல்லாவில் உறங்கும் வெள்ளி ரூபாய்கள்

நம் உறுப்பினர்களில் மூன்று தலைமுறையாகக் கடை நடத்துபவர்கள் ஏராளம். அவர்களுடைய பழைய கல்லாப்பெட்டியின் அடித்தட்டிலோ, வீட்டுப் பூஜை அறையில் குங்குமச்சிமிழுக்குப் பக்கத்திலோ நாலைந்து வெள்ளி ரூபாய்கள் இருக்கத்தான் செய்யும். வெள்ளி விலை ஏறும்போதெல்லாம் அவற்றின் நினைவு வரும். உடனே ஒரு துணியில் முடிந்துகொண்டு நகைக்கடைக்குப் போவோம். எடை போடுவார்கள், ஒரு தொகையைச் சொல்வார்கள், வாங்கிக்கொண்டு வருவோம். அந்த வியாபாரத்தில் நாம் விற்றது வெள்ளியையா, நாணயத்தையா என்பதை யோசிப்பதே இல்லை.

எங்கள் கடை நாட்டு மருந்துச் சரக்கும் மளிகையும் கலந்த கடை. என் தகப்பனார் காலத்தில் வெள்ளி ரூபாய்தான் எடைக்கல்லும்கூட. ஒரு ரூபாய் எடை என்றால் ஒரு தோலா, இன்றைய கணக்கில் 11.66 கிராம். மூன்று ரூபாய் எடை ஒரு பலம். நாற்பது பலம் ஒரு வீசை. 1956-ஆம் ஆண்டுச் சட்டப்படி மெட்ரிக் எடைகள் வரும்வரை ஓமமும் திப்பிலியும் குங்குமப்பூவும் அரசர் தலை போட்ட ரூபாய்க்கு எதிராகத்தான் தராசில் ஏறின. அவர் கடைசிவரை வைத்திருந்தவை ஏழு ரூபாய்கள். அந்த ஏழும் எனக்கு ஒரு பாடம் கற்பித்தன. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் வெள்ளிக் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

1835-இல் கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஆட்சிப் பகுதி முழுமைக்கும் ஒரே மாதிரி ரூபாயைக் கொண்டுவந்தது. எடை ஒரு தோலா. அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு, அதாவது 91.67 சதவீதம் வெள்ளி. தேயாத காசாக இருந்தால் ஒன்றில் சுமார் 10.69 கிராம் சுத்த வெள்ளி இருக்கும். நான்காம் வில்லியம், விக்டோரியா, ஏழாம் எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ் எனத் தலைகள் மாறினாலும் இந்தத் தரம் நூறாண்டுக்கு மேல் மாறவில்லை. இரண்டாம் உலகப் போர்தான் மாற்றியது. மக்கள் வெள்ளியைப் பதுக்கினார்கள், சில்லறைத் தட்டுப்பாடு வந்தது. 1940-இல் அரசாங்கம் ஒரு ரூபாய் நோட்டை வெளியிட்டது. அதே ஆண்டில் ரூபாயின் வெள்ளியையும் பாதியாகக் குறைத்தது. ஆக ஆறாம் ஜார்ஜின் 1940 முதல் 1945 வரையிலான ரூபாயில் வெள்ளி 50 சதவீதம்தான், 5.83 கிராம். 1947-ஆம் ஆண்டு ரூபாயில் வெள்ளி அறவே கிடையாது. பின்பக்கம் புலி நடக்கும் அந்த 1947 ரூபாய் சுத்த நிக்கல். காந்தத்தைக் காட்டினால் ஒட்டிக்கொள்ளும். வெள்ளி ஒட்டாது.

நம்மவர்கள் அதிகம் ஏமாறுவது இந்த இடத்தில்தான். எல்லாக் காசையும் ஒரே பொட்டலமாகக் கொண்டுபோய்த் தராசில் கொட்டினால், வாங்குபவர் மட்டமான தரத்தை வைத்துத்தான் விலை சொல்வார். அது அவர் தொழில். முண்டு வத்தலையும் சம்பா வத்தலையும் ஒரே சாக்கில் கொட்டி விலை கேட்டால் நாமும் அப்படித்தானே சொல்வோம்? ஆகவே போவதற்கு முன் 1939 வரை உள்ளவை ஒரு குவியல், 1940 முதல் 1945 வரை இன்னொரு குவியல், நிக்கல் தனி என்று பிரித்துவிட வேண்டும். ஆண்டு தேய்ந்துபோயிருந்தால் விளிம்பைப் பாருங்கள். பழைய தரக் காசின் விளிம்பில் நேர்க்கோட்டு வரிகள் இருக்கும். பாதி வெள்ளிக் காசில் கள்ளக்காசைத் தடுப்பதற்காக விளிம்பின் நடுவே பள்ளம் ஓடும். குடியரசு இந்தியாவின் வெள்ளிக்காசுகளும் சில வீடுகளில் உண்டு. 1969-இல் வந்த காந்தியடிகள் பத்து ரூபாய் 15 கிராம், 80 சதவீதம் வெள்ளி. சுதந்திர வெள்ளிவிழாவுக்கு 1972-இல் வந்த பத்து ரூபாய் 22.5 கிராம் இருந்தாலும் அதில் வெள்ளி பாதிதான். கையில் கனமாக இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

வெள்ளி விலைக்கு மேல் சேகரிப்பாளர் எதற்காகப் பணம் தருகிறார் என்பது அடுத்த கேள்வி. பழையது என்பதற்காக அல்ல. நம்மில் பலர் தவறாக நினைத்திருப்பது இதைத்தான். ‘1862’ என்று பொறித்த விக்டோரியா ரூபாயைக் காட்டி, நூற்றறுபது வருடத்துக் காசு, லட்சம் பெறும் என்பார்கள். அந்த 1862 என்ற ஆண்டை மாற்றாமலே பல ஆண்டுகள் தொடர்ந்து அச்சிட்டார்கள். ஆகவே அது கோடிக்கணக்கில் உள்ள காசு. கம்பெனியின் 1835, 1840 ரூபாய்களுக்கும் இதே கதைதான். அதேபோல ஐந்தாம் ஜார்ஜின் 1917, 1918 ரூபாய்களும் ஏராளம். முதல் உலகப் போரில் வெள்ளி போதாமல் போனபோது, அமெரிக்கா 1918-இல் தனிச் சட்டமே போட்டுத் தன் டாலர் காசுகளை உருக்கி, சுமார் 20 கோடி அவுன்ஸ் வெள்ளியை பிரிட்டனுக்கு விற்றது. அது இந்தியாவுக்கு வந்து ரூபாயானது. அந்த ரூபாய்தான் இன்று நம் வீடுகளில் அதிகம். நல்ல நிலையில் இருந்தால் வெள்ளி விலைக்கு மேல் கொஞ்சம் கிடைக்கும், அவ்வளவே.

அரிதானது என்றால் 1911-ஆம் ஆண்டு ரூபாயைச் சொல்லலாம். ஐந்தாம் ஜார்ஜின் மேலங்கியில் ஒரு யானை உருவம் உண்டு. முதல் ஆண்டு அச்சில் தும்பிக்கையும் பாதங்களும் சரியாக அமையாமல் அது பன்றியைப் போலத் தெரிந்துவிட்டது. முஸ்லிம் மக்கள் மனம் புண்பட்டு எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அரசாங்கம் வெளியீட்டை நிறுத்தி, கையிருப்பில் பெரும்பகுதியை உருக்கியது. 1912-இல் யானையைத் திருத்தி வெளியிட்டார்கள். அதனால்தான் அந்த ஓராண்டுக் காசுக்கு மவுசு. இன்னொன்று 1939-ஆம் ஆண்டு ரூபாய். வெள்ளி குறைவதற்கு முந்தைய கடைசித் தரம், வெளியே வந்தது மிகக் குறைவு. விலை அதிகம் என்பதால் போலியும் அதிகம். 1940-களின் காசில் ஆண்டைச் செதுக்கி மாற்றியிருந்தால் விளிம்புப் பள்ளம் காட்டிக்கொடுத்துவிடும். வார்ப்புப் போலியானால் பெரும்பாலும் எடையில் மாட்டிக்கொள்ளும். மில்லிகிராம் காட்டும் தராசு இப்போது மலிவாகவே கிடைக்கிறது.

ஆங்கில எழுத்தே இல்லாமல் பாரசீக எழுத்து மட்டும் உள்ள பழைய வெள்ளிக்காசு கையில் இருந்தால் அவசரப்பட வேண்டாம். நம் பக்கத்தில் புழங்கிய ஆற்காடு ரூபாயாக இருக்கலாம். தாமரைக் குறி சென்னையில் கம்பெனி அச்சிட்டதற்கும், பிறைக்குறி புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் அச்சிட்டதற்கும் அடையாளம். அதை எடைபோட்டு விற்பது பாவம். விவரம் தெரிந்தவரிடம் காட்டிய பிறகே முடிவு செய்ய வேண்டும்.

இப்போது அந்த ஏழு ரூபாய்க்கு வருகிறேன். அவற்றில் ஒன்று ஏழாம் எட்வர்டு காலத்தது. புழங்காமல் கிடந்ததால் முடியின் இழைகூடத் தேயாமல், மேலே கருநீலம் படிந்து இருந்தது. ஒரு வரலட்சுமி நோன்புக்கு வீட்டில் ஏழையும் புளி போட்டு, திருநீறு வைத்துப் பளபளவென்று தேய்த்துவிட்டார்கள். எனக்கும் மகிழ்ச்சிதான், நானும் ஒரு கை தேய்த்தேன். சில மாதம் கழித்து ஒரு நாணயக் கண்காட்சிக்கு எடுத்துப் போனேன். அங்கிருந்த பெரியவர் மற்ற ஆறையும் ஒதுக்கிவிட்டு எட்வர்டு ரூபாயைப் பூதக்கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தார். “இதை எப்போது தேய்த்தீர்கள்?” என்று மட்டும் கேட்டார். பிறகு, “வெள்ளி விலைக்குப் போட்டுவிடுங்கள்” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். கறுப்பு என்று நாம் நினைப்பது அந்தக் காசின் மேல்தோல். அதை உரித்துவிட்டால் கண்ணாடிக்குக் கீழே கீறல்தான் தெரியும், விலை இறங்கிவிடும். மாலைக்காகக் கொக்கி பற்றவைத்த காசுக்கும், துளையிட்ட காசுக்கும் இதே கதிதான். காசை விளிம்பில் பிடித்து எடுக்க வேண்டும், ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகித உறையில் வைக்க வேண்டும். சாதாரண பிளாஸ்டிக் உறை நாளடைவில் பச்சைப் பிசுக்கை உண்டாக்கும்.

எதிர்ப்பக்கத்து ஏமாற்று ஒன்றும் உண்டு. “உங்கள் காசுக்கு ஐந்து லட்சம் தருகிறோம், முதலில் பதிவுக் கட்டணமும் வரியும் கட்டுங்கள்” என்று தொலைபேசியில் வருவார்கள். ரிசர்வ் வங்கியின் பெயரையே பயன்படுத்துவார்கள். பழைய நோட்டு, காசு வாங்கி விற்பதில் தனக்கு எந்தத் தொடர்பும் இல்லை, யாருக்கும் அந்த அதிகாரம் தரவில்லை என்று 2021-இல் அந்த வங்கியே அறிவித்தது. வாங்குபவன் விற்பவனிடம் முன்பணம் கேட்கும் வியாபாரத்தை நாம் எந்த மண்டியில் கண்டிருக்கிறோம்? 1818 என்று பொறித்து ராமர் பட்டாபிஷேகம் போட்ட ‘கம்பெனிக் காசு’ பிற்காலத்துச் செய்பொருள். கம்பெனி அப்படி எதையும் அச்சிடவில்லை. அது அரிசியை இழுக்கும் என்று காட்டிப் பணம் பறித்தவர்கள்மீது நம் மாநிலத்திலேயே வழக்குகள் உண்டு. அரிசி விற்கிற நம்மிடமே அந்தக் கதையைச் சொல்ல வருகிறார்கள் என்பதுதான் வேடிக்கை.

சட்டத்தையும் இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த காசு தொல்பொருள். தனிநபர் அதை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது, அதை வாங்கி விற்பதையே தொழிலாகச் செய்ய உரிமம் வேண்டும். அடுத்து, அஸ்திவாரம் தோண்டும்போது கிடைத்தது என்று மண் ஒட்டிய காசை யாராவது கடைக்குக் கொண்டுவந்தால், மலிவாக இருக்கிறதே என்று கை நீட்ட வேண்டாம். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கி வைத்த கடைக்காரரும் விசாரணைக்கு அலைய நேரிடும்.

விற்பதென்று முடிவு செய்தால் இரண்டு பேரிடமாவது விலை கேளுங்கள். ஒருவர் வெள்ளி வாங்குபவராகவும் மற்றவர் நாணயம் வாங்குபவராகவும் இருக்கட்டும். ஏல நிறுவனம் மூலம் விற்றால் அவர்கள் கழிவு எவ்வளவு என்பதை முதலிலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நாணய வியாபாரி சொல்லும் விலை, புத்தகத்தில் போட்டிருக்கும் விலையைவிடக் குறைவாகத்தான் இருக்கும். அவருக்கும் கடை வாடகை உண்டு.

என்னுடைய ஏழில் ஆறை அன்றைய வெள்ளி விலைக்கே கொடுத்துவிட்டேன். எட்வர்டு மட்டும் கல்லாவில் இருக்கிறார். இப்போது அவர் மேல் மறுபடியும் லேசாகக் கறுப்பு படிய ஆரம்பித்திருக்கிறது. வீட்டில் யாரையும் தொட விடுவதில்லை.