விசையைத் தட்டினால் வண்டி ஓடுமா?

கம்பி ஏதுமில்லை, ஆயினும் கணிப்பொறியின் விசைப்பலகையில் ஓர் எழுத்தைத் தட்டியதும் எட்ட நிற்கும் சிறு வண்டி நகர்கிறது! மாயமன்று. கணிப்பொறிக்கு எழுத்து என்பது வெறும் எண்ணே. ஆஸ்கி முறையில் சிறிய 'டபிள்யூ' 119. சிறிய 'எஸ்' 115. இவ்வெண் 2.4 கிகாஹெர்ட்ஸ் புளூடூத் அலையில் ஏறி, வண்டியிலுள்ள எச்.சி.-05 என்னும் சிறு பலகையை அடைகிறது. அங்கிருந்து அர்டுயினோவின் நுண்கட்டுப்படுத்திக்கு ஒவ்வொரு பிட்டாகச் செல்கிறது. எழுத்துக்கு எட்டு, தொடக்கத்துக்கு ஒன்று, முடிவுக்கு ஒன்று. ஆகப் பத்து பிட்டுகள். வினாடிக்கு 9600 பிட் வேகத்தில் இதற்கு ஏறத்தாழ ஒரு மில்லி வினாடியே போதும். கண் இமைக்கக்கூட இதைவிட நேரமாகும் அன்றோ? 119 வந்தால் முன்னே செல், 115 வந்தால் நில் என்று நாம் முன்பே நிரல் எழுதி வைக்கிறோம். மோட்டாரைச் சுழற்ற நுண்கட்டுப்படுத்தி தரும் மின்னோட்டம் போதாது. இடையில் ஓர் இயக்கிச் சுற்று வேண்டும்.

நாம் மிகவும் அஞ்ச வேண்டியது ஒன்றுண்டு. 119 சென்றபின் தொடர்பு அறுந்தால் 115 வந்து சேராது. வண்டி மேசை விளிம்பைத் தாண்டி ஓடிவிடும். பொம்மை வண்டியானால் போகட்டும். ஒருவர் அமர்ந்திருக்கும் சக்கர நாற்காலியானால்? ஆகையால் விசை அழுந்தியிருக்கும் வரை கணிப்பொறி அதே எழுத்தை வினாடிக்குப் பத்து முறை அனுப்புகிறது. அரை வினாடி எழுத்தேதும் வராவிடில், எவரும் சொல்லாமலே வண்டி நின்றுவிடும்.