உஷார்! சர்க்கரை இறங்கும் நேரத்தில் ‘ஜீரோ’ கோலா

உயிர் போகிற விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்சுலின் போட்டுக்கொள்பவரோ, கிளிமிபிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுபவரோ ஒருவேளை சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிவிடலாம். கை நடுங்கும், சட்டை வியர்வையில் நனையும், பேச்சு குழறும். “ஓடிப்போய் ஒரு கூல்டிரிங்ஸ் வாங்கிட்டு வாடா!” என்று யாராவது கத்துவார்கள். ஓடுகிற பையன் புத்திசாலி. மாமா சுகர் பேஷன்ட் ஆச்சே என்று யோசித்து, பொறுப்பாக, சர்க்கரை இல்லாத கோலாவாகப் பார்த்து வாங்கி வருவான்.

அதைக் குடித்தால் நாக்கு இனிக்கும். ரத்தத்தில் ஒன்றும் ஏறாது. குளுக்கோஸ் கேட்டுத் தவிக்கும் மூளைக்கு அதிலுள்ள ஆஸ்பார்டேம் என்ற செயற்கை இனிப்பு ஒரு உதவியும் செய்யாது. குடிக்கக் கொடுத்தாயிற்றே என்ற நிம்மதியில் சுற்றி நிற்பவர்கள் காத்திருக்கும் அந்தப் பத்து நிமிஷம்தான் ஆபத்தானது. அந்த நேரத்தில் தேவை சுமார் 15 கிராம் நிஜச் சர்க்கரை. தண்ணீரில் கரைத்த மூன்று டீஸ்பூன் சீனி போதும். அரை கிளாஸுக்குச் சற்றே அதிகமான சாதாரண கோலாவும் சரிதான். 15 நிமிஷம் கழித்து மறுபடி சோதித்துப் பாருங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

குளிர்பெட்டியில் இரண்டு கோலாவும் அண்ணன் தம்பி மாதிரி பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். வித்தியாசம் தெரிய டப்பாவைத் திருப்ப வேண்டும். பொடி எழுத்தில் 950, 951, 955 என்ற எண்களில் ஒன்றிரண்டு தென்படும். முறையே அசிசல்ஃபேம் பொட்டாசியம், ஆஸ்பார்டேம், சுக்ரலோஸ். கூடவே, குழந்தைகளுக்கு உகந்ததல்ல என்ற எச்சரிக்கையும் இருக்கும். செயற்கை இனிப்பு சேர்த்த பானத்தில் அதை அச்சிட வேண்டும் என்பது நம் நாட்டு விதி. அச்சிடுகிறார்கள், ஆங்கிலத்தில், பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கும் அளவில். பிறந்தநாள் விழாவில் பிள்ளைகளுக்கு ஊற்றிக் கொடுக்கும் எந்த அம்மா அதைப் படித்திருப்பார்? ஆஸ்பார்டேம் இருந்தால் ஃபீனைல்கீட்டோனூரியா உள்ளவர்களுக்கு ஆகாது என்ற வரியும் இருக்கும். அபூர்வமான பிறவிக் கோளாறு அது. உள்ளவர்களுக்கு ஆஸ்பார்டேமிலிருந்து வரும் ஃபீனைல்அலனின் மூளையைப் பாதிக்கும்.

புற்றுநோய் வருமாமே என்று கேட்பீர்கள். 2023 ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை ஆஸ்பார்டேமை ‘2பி’ பிரிவில், அதாவது புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்ற சந்தேகப் பட்டியலில் சேர்த்தது உண்மை. முழுக் கற்றாழை இலைச் சாறும் அதே பட்டியலில்தான் இருக்கிறது என்பதை வாட்ஸ்அப்பில் யாரும் அனுப்புவதில்லை. அதே சமயத்தில் உணவுச் சேர்க்கைகளுக்கான நிபுணர் குழு பழைய வரம்பை மாற்றவில்லை: உடல் எடையில் ஒரு கிலோவுக்குத் தினம் 40 மில்லிகிராம். டப்பாவுக்கு 200 முதல் 300 மில்லிகிராம் என்று வைத்தால், 70 கிலோ ஆள் வரம்பைத் தாண்ட 9 முதல் 14 டப்பா வரை குடிக்க வேண்டும். ஆனால் இதே கணக்கை 15 கிலோ குழந்தைக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு, மூன்று டப்பாவில் வரம்பு வந்துவிடுகிறது. எனக்கு அடிவயிறு கலங்குவது இந்தக் கணக்கில்தான்.

எடை குறையும் என்று குடிப்பவர்களும் கொஞ்சம் நில்லுங்கள். எடையைக் கட்டுப்படுத்த இவ்வகை இனிப்புகளை நம்ப வேண்டாம் என்று அதே உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதம் பரிந்துரைத்தது. நீண்டகாலத்தில் கொழுப்பு குறைவதற்குச் சான்று இல்லை என்றது. ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது. அவர்களுக்குச் சர்க்கரைக் கோலாவைவிட இது மேல் என்பதில் எனக்கும் ஆட்சேபம் இல்லை. பல் மட்டும் இரண்டிலும் தப்பாது. சர்க்கரையை எடுத்தாலும் பாஸ்போரிக் அமிலம் உள்ளேதான் இருக்கிறது, எனாமலை அது அரிக்கும்.

கடைசியாக, கிளாஸில் கலக்குகிறவர்களுக்கு. “எனக்கு சுகர், ஜீரோ ஊத்து” என்பது இப்போது பாரில் சகஜம். சர்க்கரை உள்ள பானத்தோடு சேர்ந்தால் மது இரைப்பையில் கொஞ்சம் தங்கும். சர்க்கரை இல்லாததோடு சேர்ந்தால் சீக்கிரம் குடலுக்கு இறங்கி ரத்தத்தில் ஏறும். 2013-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், ஒரே அளவு மதுவைக் குடித்தும் டயட் பானம் கலந்தபோது மூச்சில் ஆல்கஹால் அதிகம் தெரிந்தது. குடித்தவர்களுக்கோ வித்தியாசமே தெரியவில்லை. வண்டியை எடுக்கத் துணிவது அப்படித்தான்.

இன்சுலின் போடுபவருக்கு இதில் இன்னொரு கண்ணி இருக்கிறது. மது தானாகவே சர்க்கரையை இறக்கும், குடித்துப் பல மணி நேரம் கழித்தும் இறக்கும். அப்போது வரும் தள்ளாட்டமும் குழறலும் போதை மாதிரியே இருக்கும். “ஏறிப்போச்சு, படுத்துத் தூங்கட்டும்” என்று போர்த்திவிட்டுப் போகாதீர்கள். விரலில் ஊசி குத்தி அளவைப் பாருங்கள். கருவி இல்லையென்றால், விழுங்கும் நிலையில் இருக்கும்போதே சீனித் தண்ணீரைக் கொடுத்துவிடுங்கள்.