சாம்பு எப்படித் துப்பறிகிறார்?

கிள்ளானில் தமிழ்ப்பள்ளியை முடித்துத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்றபின், ஐந்தாண்டுகள் நான் ஒரு தமிழ்க் கதைப்புத்தகத்தைக்கூடத் தொடவில்லை. தமிழ் என்றாலே தேர்வுக் கட்டுரைதான் என்றிருந்த எண்ணத்தை மாற்றியது, பிரிக்பீல்ட்ஸ் புத்தகக் கடையில் வாங்கிய 'துப்பறியும் சாம்பு'.

தேவன் (1913–1957) 1940-களில் ஆனந்த விகடனில் எழுதிய கதைகள் இவை. சாம்பு ஒரு வங்கிக் குமாஸ்தா, சரியான அசடு. வேலை போனபின் துப்பறிய வருகிறார். ஏதோ உளறுவார், எங்கோ தடுமாறுவார், திருடன் அகப்பட்டுவிடுவான். உடனே இன்ஸ்பெக்டர் கோபாலன் அதற்கெல்லாம் ஓர் அற்புதமான காரணம் கண்டுபிடித்துச் சாம்புவை மேதையாக்கிவிடுவார். சாம்பு மறுக்கவா போகிறார்? (விரிவுரை வகுப்பில் நானும் இப்படித் தப்பியதுண்டு.)

ஷெர்லாக் ஹோம்ஸுக்குத் தெரிந்தது வாசகருக்குத் தெரியாது, அதனால் வியக்கிறோம். இங்கே நமக்குத் தெரிந்த உண்மை போலீசுக்குத் தெரியாது, அதனால் சிரிக்கிறோம். தேவனின் சூட்சுமம் இதுதான்.

'குமாஸ்தா' எனக்குப் புரியவில்லை. தாத்தாவிடம் கேட்டேன். "நம்ம கிராணிதான்யா" என்றவர் புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். இரண்டு நாள் கழித்துத்தான் திருப்பித் தந்தார்.